இரவல் முகங்கள்

ஏழையின் துயரை ஏழையின் முகமே சொல்லட்டும் என்னும் துணிவைத் திரைப்பட உலகிற்கு அளித்தவர்கள் இத்தாலியர். இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து, ரோம் நகரம் வேலையின்மையில் வாடிய நாட்களில், இயக்குநர் சிலர் படப்பிடிப்பு அரங்குகளைத் துறந்து வீதிக்கு வந்தனர். அவர்கள் தொடங்கிவைத்த மரபை நவயதார்த்தவாதம் என்று அறிஞர்கள் குறிப்பர். அம்மரபைப் பாராட்டும்போது நாம் இயக்குநர்களின் பெயரையே சொல்லிப் பழகிவிட்டோம். முகத்தை இரவல் கொடுத்தவர்கள் யார், படம் முடிந்த பின்னர் அவர்கள் என்னவானார்கள் என்று கேட்பவர் சிலரே.

விட்டோரியோ டி சிகா 1948இல் 'சைக்கிள் திருடர்கள்' படத்தை எடுத்தார். பொருளுதவி செய்ய முன்வந்த அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், புகழ்பெற்ற கேரி கிராண்ட் கதாநாயகனாக நடிக்க வேண்டுமென விரும்பினார். டி சிகா இணங்கவில்லை. அவர் தேர்ந்தெடுத்தது பிரெடா தொழிற்சாலையின் தொழிலாளி லம்பெர்த்தோ மஜ்ஜொரானியை. தம் மகனுக்குச் சிறுவன் வேடம் கிடைக்குமா என்று பார்க்க வந்த மனிதர் அவர். மகனை விடுத்துத் தந்தையைப் பிடித்துக்கொண்டார் இயக்குநர். சிறுவன் வேடத்திற்கு வந்த என்சோ ஸ்தயோலாவும் நடிப்புப் பயின்ற பிள்ளையல்லன்.

கதை மிகச் சிறியது. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். வேலையின் முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. தந்தையும் மகனும் ரோம் நகரெங்கும் தேடி அலைகின்றனர். இறுதியில் தந்தையே ஒரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்ணெதிரே பிடிபடுகிறார். அந்நேரம் மஜ்ஜொரானியின் முகத்தைக் கண்டவர் எளிதில் மறவார். நம்மவர் படங்களில் இத்தகைய இடத்தில் ஒரு பாட்டோ நீண்ட வசனமோ வந்திருக்கும். அங்கே ஒரு சிறுவனின் கை தந்தையின் கையைப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவே.

படம் உலகப் புகழ் பெற்றது. மஜ்ஜொரானி தொழிற்சாலைக்குத் திரும்பினார். ஆட்குறைப்பு வந்தபோது அவருக்கு வேலை போயிற்று. சினிமாவில் சம்பாதித்தவருக்கு இவ்வேலை எதற்கு என்பது அங்கிருந்தோர் எண்ணம். அதன்பின் கிடைத்தவையெல்லாம் சிறுசிறு வேடங்கள். பசோலினியின் 'மம்மா ரோமா' (1962) படத்தில் மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியாக வருகிறார். அவருடைய வானொலிப் பெட்டியை ஓர் இளைஞன் திருடுகிறான். சைக்கிளைப் பறிகொடுத்தவருக்கு இங்கும் பறிகொடுக்கும் வேடமே வாய்த்தது! 1983இல் அவர் மறைந்தார்.

இப்படங்கள் தமிழகம் வந்த வரலாறும் உண்டு. 1952இல் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்தது. 'சைக்கிள் திருடர்கள்' அவ்விழாப் படங்களுள் ஒன்று. 1965இல் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி 'உன்னைப்போல் ஒருவன்' என்று சேரி மக்களின் வாழ்வைப் படமாக்கினார். தூதரகங்களிடமிருந்தும் புனே ஆவணக் காப்பகத்திலிருந்தும் சுருள்களை வரவழைத்துத் திரைப்படச் சங்கங்கள் காட்டின. நெல்லையில் ஆர். ஆர். சீனிவாசன் முதலானோர் நடத்திய காஞ்சனை திரைப்பட இயக்கம் அவ்வழி வந்தது. புதுமைப்பித்தனின் சிறுகதை ஒன்றின் பெயரும் காஞ்சனை என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

நெல்லையிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ளது நாங்குநேரி. 1917இல் இவ்வூரில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை திரைப்படத் துறையினர் அல்லர். ஆயினும் இத்தாலியர் கேமராவால் செய்ததை அவர் ஏட்டாலும் எழுதுகோலாலும் செய்தார் என்பது நம் கருத்து. உழவரும் கூலியாட்களும் பாடிவந்ததை இலக்கியமென மதித்துத் தொகுத்தார். முத்துப்பட்டன் கதையையும் 'கான்சாகிபு சண்டை'யையும் பதிப்பித்தார். அவருடைய 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பில் பாடலின் கீழே சேகரித்தவர் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கக் காணலாம். சிறு செய்தியே, ஆனால் யாரிடமிருந்து பெற்றோம் என்பதை மறக்காத பண்பு அதில் உண்டு.

நாங்குநேரி வட்டாரத்து ஏர்வாடியைப் போன்ற ஊர்களில், பிழைப்பிற்காகக் கடல் கடந்தவர் இல்லாத குடும்பங்கள் அரியன. அவர்கள் காண வேண்டிய படம் ஜெர்மானிய இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1974இல் எடுத்த 'அச்சம் ஆன்மாவைத் தின்கிறது'. மூனிக் நகரில் உழைக்கும் மொராக்கோ நாட்டுத் தொழிலாளி ஒருவருக்கும், துப்புரவுப் பணி செய்யும் முதிய விதவைக்கும் நிகழும் திருமணமே கதை. மூல மொழியில் அத்தலைப்பு இலக்கணப் பிழையோடு அமைந்தது. வந்தேறிய தொழிலாளி பேசும் கொச்சை ஜெர்மன் அது. அரபு நாடுகளில் நம்மவர் பேசும் அரைகுறை அரபு நினைவிற்கு வருகிறதல்லவா? அந்த மனிதருக்கு நீண்டதொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்ல எவருக்கும் பொறுமையில்லை. எல்லாரும் 'அலி' என்றே அழைக்கின்றனர். நடித்த எல் ஹெதி பென் சாலமும் மொராக்கோவிலிருந்து வந்தவரே. 1977இல் பிரான்சின் நீம் நகரச் சிறையில் அவர் உயிர் நீத்தார். ஃபாஸ்பிண்டர் தம் இறுதிப் படத்தை அவர் நட்பிற்குக் காணிக்கையாக்கினார்.

எல்லா இரவலும் இப்படி முடிந்ததென்று சொல்வதற்கில்லை. 1966இல் வெனிஸ் விழாவில் முதற் பரிசாகிய தங்கச் சிங்கத்தை வென்ற 'அல்ஜியர்ஸ் போர்' படத்தில், விடுதலைப் போரில் முன்னின்ற சாதி யாசிஃப் தம்மையொத்த தலைவராகத் தாமே தோன்றினார். படத் தயாரிப்பிலும் பங்கு கொண்டார். அலி லா புவாந்தாக வந்த இப்ராகிம் ஹஜ்ஜாஜ் எழுத்தறியாத எளியவர். பிரெஞ்சுப் படைத்தலைவராக வந்த ழான் மார்த்தேன் ஒருவரே தொழில்முறை நடிகர். பிறர் துயரைப் பிறர் படமாக்கிய கதையன்று அது. அல்ஜியர்ஸ் மக்கள் தம் வரலாற்றைத் தம் தெருக்களிலேயே மீண்டும் வாழ்ந்து காட்டினர். இத்தாலியரான போண்டெகோர்வோ இயக்கியிருந்தும் அப்படம் அவர்களுடையதாகவே நிற்கிறது.

நம் தாமிரபரணிக் கரைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 2018இல் மாரி செல்வராஜ் எடுத்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் நாயகனின் தந்தையாக வந்தவர் நெல்லை தங்கராசு. பெண் வேடமிட்டு ஆடிய நாட்டார் கலைஞர். அவமானத்தில் கூனிக் குறுகி அவர் ஓடும் காட்சியைக் கண்டு கலங்காதவர் இல்லை. படம் வெற்றி பெற்ற பிறகும் அவர் வாழ்ந்தது சிதைந்த குடிசையில். அச்செய்தி இதழ்களில் வந்தபின் மாவட்ட நிர்வாகமும் கலைஞர்களும் கைகொடுத்தனர், வீடொன்று எழுந்தது. 2023 பிப்ரவரியில் அவர் காலமானார்.