பறவைகளின் வரவேடு

இரயில் நிலையத்தில் ஒவ்வொரு வண்டியின் வரவும் நேரத்தோடு ஏட்டில் ஏறுகிறது. பொம்மனஹள்ளியில் வாழும் நாம், அண்மையிலுள்ள மடிவாளா ஏரிக்கு ஆண்டுதோறும் வந்திறங்கும் வலசைப் பறவைகளின் வரவை எந்த ஏட்டில் எழுதினோம்?

உலகில் இப்பணி பழையது. அமெரிக்காவில் வெல்ஸ் குக் என்பவர் 1881-ல் இம்முயற்சியைத் தொடங்கினார். பறவைகள் வந்த நாளைப் பொதுமக்கள் அட்டையில் எழுதியனுப்பினர். 1970 வரை சேர்ந்த அட்டைகள் ஏறத்தாழ 60 லட்சம்.

நம் நாட்டில் ஒரு நோயும் இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று. 1957-ல் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் புதுக்காய்ச்சல் கண்டது. அதன் கிருமியை வலசைப் பறவைகள் கொணர்ந்தனவோ என்று ஐயுற்றனர். 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராயத் தொடங்கியது. அறிஞர் சலீம் அலி வழிநடத்தினார்.

அது வல்லுநர் பணி. பொதுமக்களையும் அழைத்தது, 2007-ல் நம் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பிறந்த 'மைக்ரண்ட் வாட்ச்' திட்டம். முதலில் 9 பறவையினங்கள். பருவத்தில் அவற்றை முதன்முதல் கண்ட நாளை எவரும் தெரிவிக்கலாம். பின்னர் இப்பணி 'ஈபேர்ட்' என்னும் உலகப் பதிவேட்டோடு இணைந்தது. இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. மெட்ரிக் தேறிய நம்மனோர்க்கும் இடமுண்டு.

செப்டம்பர் வாக்கில் இமயத்தினின்று வரும் சாம்பல் முதுகு வாலாட்டிக் குருவியைக் குழந்தைகளுக்குக் காட்டுவோம். கண்ட நாளைக் குறிப்போம். தேடியும் காணாத நாளையும் குறிப்போம். ஏரி கெட்டு அது வாராதொழியுமாயின், சான்று கூற அவ்வேடு வேண்டும் அன்றோ!