கராய் விக்டோரியா பாலம்: பெயர் உள்ளவர்களும் பெயர் இல்லாதவர்களும்

ஈப்போவிலிருந்து தைப்பிங்குக்கு ரயிலில் போகிறீர்களா? பேராக் ஆற்றைக் கடக்கும்போது ஜன்னல் வழியே பாருங்கள். பக்கத்திலேயே ஒரு பழைய பாலம் நிற்கும். கோலகங்சார் அருகே, கராயில் உள்ள விக்டோரியா பாலம் அது.

தொழிற்புரட்சிப் பாடத்தில் வரும் முதல் பெரிய இரும்புப் பாலம், 1779இல் இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றின்மேல் மூன்றாம் ஆபிரகாம் டார்பி எழுப்பியது. அது வார்ப்பிரும்பு. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் முறிந்துபோகும். அதனால்தான் வளைவாகக் கட்டினார்கள். வளைவில் பாரம் அழுத்தமாகவே இறங்கும். பிறகு ரயில் வந்தது, பாரமும் கூடியது. 1879 டிசம்பர் 28 அன்று, புயலில் ஸ்காட்லாந்தின் டே பாலம் ரயிலோடு சரிந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. காற்றின் விசையைச் சரியாகக் கணக்கிடாததும், தூண்களின் வார்ப்புக் குறைகளும் காரணங்கள். அதன்பின் பொறியாளர்கள் எஃகை நம்பத் தொடங்கினார்கள். 1890இல் ஃபோர்த் பாலம் எஃகில் எழுந்தது.

பேராக்கில் பாலம் எதற்கு? ஈயத்துக்குத்தான். 1885இல் தைப்பிங் - போர்ட் வெல்ட் ரயில் பாதை லாருட் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோனது. கிந்தா ஈயத்துக்கு ஈப்போ - தெலுக் ஆன்சன் பாதை தனியாக இருந்தது. நடுவே பேராக் ஆறு. இரண்டையும் இணைக்க 1897இல் வேலை தொடங்கியது. செங்கல் தூண்கள்மேல் எஃகுச் சட்டங்கள், நீளம் 351 மீட்டர். 1900 மார்ச் 25 அன்று சுல்தான் இட்ரிஸ் திறந்து வைத்தார். பின்னாளில் தோட்டத்து ரப்பரும் இதே பாதையில் போனது. 2002 வரை இதன்மேல் ரயில் ஓடியது.

பொறியாளர்களாக ஃபிரையர், ஹான்சன் ஆகியோரின் பெயர்கள் பதிவில் உள்ளன. ஆனால் மண் வெட்டியவர்கள், சரளை சுமந்தவர்கள்? போர்ட் வெல்ட் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படை வந்தது. பின்வந்த ரயில் பாதைகளில் தென்னிந்தியத் தமிழர்களும் உழைத்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மாணவர்களே, "பாலத்தைக் கட்டியவர் யார்?" என்று கேட்டால் பொறியாளர் பெயரை எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். அடுத்த வரியில் தொழிலாளர்களையும் எழுதுங்கள். அப்போதுதான் அது முழு வரலாறு.