ஓட ஒரு ஷூ, எறிய ஒரு ஷூ... ஒரே ஜோடி போதுமா?

1/
"டாக்டர், வாரத்துல நாலு நாள் ஜிம், ஞாயித்துக்கிழமை டிஸ்க் கோல்ஃப். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஷூ வாங்கலாமா?"

நாவலூர், சிறுசேரி பக்கம் இருக்கிற ஐடி நண்பர்கள் சிலர் கேட்கிற கேள்வி இது. பதில் ஒரு வரிதான். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நூறு வருஷத்துக் கதை இருக்கு. கதை தெரிஞ்சா கடையில் யாரும் உங்களை ஏமாத்த முடியாது. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
முதலில் டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு: பந்துக்குப் பதில் பறக்கும் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென ஒரு மைதானம் அமைத்தார்.

நம்ம சென்னையில் டிஸ்க் என்றால் பெரும்பாலும் பீச்சில் ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பீதான். அங்கே மணல், வெறுங்கால் போதும். புல்லும் கல்லும் ஈரமும் கலந்த தரைக்கு வந்ததும்தான் ஷூ பிரச்சினையே ஆரம்பிக்குது.

3/
தட்டை எறியும்போது கால் என்ன செய்யுதுன்னு கவனிங்க. பக்கவாட்டில் ரெண்டு மூணு அடி வைக்கிறோம். முன்னங்காலை அழுத்தி ஊன்றுகிறோம். மொத்த உடம்பும் அந்த ஒரு கால் மேல் சுழலுது.

அதாவது முன்னோக்கி ஓடுற வேலை இங்கே குறைவு. பக்கவாட்டு வேலையும் சுழற்சியும்தான் அதிகம். இதை மனசில் வச்சுக்கிட்டு வரலாற்றுக்குப் போவோம்.

4/
வெறுங்காலில் இருந்து ஆரம்பிப்போம். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். இந்தியக் கால்பந்து அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலில் ஆடி, பிரான்ஸிடம் 1-2 என்றுதான் தோற்றார்கள். கிடைத்த ரெண்டு பெனால்டியும் வீணாகாமல் இருந்திருந்தால் கதையே வேறு.

நாலே வருஷம். 1952 ஹெல்சின்கியில், குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 1-10. அதற்குப் பிறகுதான் நம்ம ஆட்டக்காரர்களுக்கு பூட்ஸ் கட்டாயமானது. அதே கால்தான். மாறியது தரையும் குளிரும் எதிராளியும்.

5/
1960 ரோம். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வாங்கினார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் தங்கம்.

"வெறுங்கால்தான் இயற்கை" என்பவர்கள் முதல் பந்தயத்தை மட்டும் சொல்வார்கள். ஷூ விற்பவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள். ரெண்டிலும் ஜெயிச்சது அந்த மனுஷனோட பயிற்சி.

6/
இதில் நம்ம பக்கத்து ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. 1992இல் தென்னிந்தியாவில் 2300 குழந்தைகளின் பாதங்களைப் பார்த்து வெளியிட்ட ஆய்வு. காலணி போடும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 சதவீதம் மட்டுமே. அதிலும் விரல்களை மூடுகிற ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு.

இதை வச்சு ஷூவே கெட்டதுன்னு சொல்ல முடியாது. ஆனா பாதத்தின் சின்னச் சின்ன தசைகளுக்கும் வேலை வேணும், விரல்கள் விரிய இடம் வேணும். குறிச்சு வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

7/
இப்போ ஷூவின் கதை. அதில் ஒரு பங்கு நம்ம வீட்டுப் பக்கமே நடந்தது. நாவலூரில் இருந்து மேற்கே ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போனால் குரோம்பேட்டை. அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா?

ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த சென்னை மாகாணத்தில், ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்ற அதிகாரி 1900களின் தொடக்கத்தில் குரோமிய உப்பில் பதனிடும் முறையைச் சோதித்தார். கமலையில் தண்ணீர் இறைக்கும் தோல் சால் ஊறி அழுகாமல் இருக்கணும் என்பது அவர் மனதில் இருந்த தேவைகளில் ஒன்று. பிறகு சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரம் அருகே வந்தது. அந்த ஆலையின் பேரே ஊர்ப் பேரானது.

8/
உலகம் முழுக்க ஷூவின் மேல்பாகத்துக்கு குரோம் தோல் வந்தது. அடிப்பாகத்தை மாத்தினது ரப்பர். சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற கந்தகம் சேர்த்து ரப்பரைக் கெட்டியாக்கும் முறையால்தான் வெயிலில் இளகாத, குளிரில் வெடிக்காத சோல் சாத்தியமானது.

1917இல் கான்வர்ஸ் ஆல் ஸ்டார் வந்தது, பாஸ்கெட்பாலுக்காக. கேன்வாஸ் துணி, தட்டையான ரப்பர் அடி. அவ்வளவுதான்.

9/
நம்ம ஊரில் அதன் சொந்தக்காரன் யார் தெரியுமா? பி.டி. பீரியடுக்குப் போட்ட வெள்ளை கேன்வாஸ் ஷூ! கொல்கத்தா அருகே பாட்டாநகரில் 1930களில் பாட்டா ஆலை வந்தபின் ஊர் ஊராகப் பரவியது. அழுக்கானா சாக்பீஸ் தேய்ச்சு வெள்ளையாக்கி, பிரேயருக்குப் போய் நின்ன தலைமுறை இங்கே நிறைய பேர் இருப்பீங்க.

அந்த ஒரே ஷூவில் ஓடினோம், தாண்டினோம், கபடி ஆடினோம், வட்டு எறிந்தோம். "எதுக்கு எந்த ஷூ" என்ற கேள்வியே அப்போ கிடையாது.

10/
கேள்வி பிறந்தது 1970களில். பில் பௌவர்மேன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1962இல் நியூசிலாந்து போய், சாதாரண மக்கள் மெதுவோட்டம் ஓடுவதைப் பார்த்து அசந்துபோனார். திரும்பி வந்து, ஹாரிஸ் என்ற இதய மருத்துவருடன் சேர்ந்து ஜாகிங் பற்றிப் புத்தகம் எழுதினார். நாடே ஓட ஆரம்பித்தது.

தார் ரோட்டில் ஓடும் நடுத்தர வயதுக்காரர்களுக்காக ஷூவின் குதிகால் உயர்ந்தது. பஞ்சு போன்ற நுரை வந்தது. வேஃபிள் தோசைக்கல்லில் ரப்பர் ஊற்றி சோல் செய்து பார்த்ததும் இதே பௌவர்மேன்தான்.

11/
கவனிங்க. ரன்னிங் ஷூவும் டிஸ்க் கோல்ஃப் மைதானமும் அதே பத்தாண்டின் பிள்ளைகள். ஆனா ரன்னிங் ஷூவை உருவாக்கியவர்கள் யோசிச்சது ஒரே திசையை: நேர் முன்னால்.

உயரமான மெத்தை மேல் நின்று பக்கவாட்டில் அழுத்தினால் என்ன ஆகும்? மெத்தை ஒரு பக்கம் அமுங்கும், கணுக்கால் வெளிப்பக்கம் மடங்கும். ஸ்குவாட் செய்யும்போதும் இதே கதைதான். தோளில் 60 கிலோ, காலடியில் பஞ்சு. நிலை எப்படி நிற்கும்?

12/
இந்த இடைஞ்சலை ஒருத்தர் கவனித்தார். டிங்கர் ஹாட்ஃபீல்ட். படித்தது கட்டடக்கலை, வேலை ஷூ வடிவமைப்பு. ஜிம்முக்கு வருகிறவர்கள் ஓட ஒன்று, எடை தூக்க ஒன்று, ஆட ஒன்று என்று ஷூ மாற்றுவதைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே ஷூ வரைந்தார். குதிகால் தாழ்வு, முன்பாதம் அகலம், பாதத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டை.

1987இல் நைக்கி ஏர் டிரெய்னர் 1 என்று கடைக்கு வந்தது. "கிராஸ் டிரெய்னர்" என்ற வகை பிரபலமானது இதனால்தான். உங்க கேள்வியும் அவர் கேள்வியும் ஒண்ணுதான்.

13/
கடைசியாக, ஒரு டாக்டரா நான் விட முடியாத கதை. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் சிஎம்சிக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாவது நோய் தின்பதால் என்று ஊரே நம்பிய காலம். உண்மையில் உணர்ச்சி செத்த பாதம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுந்துவதால்தான் புண் வருகிறது என்று அவரும் அவர் குழுவினரும் காட்டினார்கள்.

வேலூர், காரிகிரியில் நடந்த அந்த வேலையின் பலன்தான் எம்சிஆர் செருப்பு. உள்ளே மெத்தென்ற நுண்ணறை ரப்பர், கீழே கெட்டியான அடி. இன்றைக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருகிறோம்.

14/
இது உங்களுக்கு எதுக்கு? நாற்பது வயசில் சர்க்கரை தெரிஞ்சு, வேகமா ஜிம்மில் சேர்றவங்க நிறைய பேர். பல வருஷம் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். புது ஷூ கடிப்பதே தெரியாது. சின்னக் கொப்புளம் புண்ணாகி, சிலருக்கு விரலையே எடுக்கும் நிலை வரை போகும்.

உங்களுக்குச் சர்க்கரை இருந்தால், ஷூ வாங்கும் முன் பாதத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். போடும் முன் ஷூவுக்குள் கைவிட்டுப் பாருங்கள். கழட்டியதும் பாதத்தைப் பாருங்கள். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

15/
இப்போ அந்த ஒரு வரிப் பதில்: போதும், அது ரன்னிங் ஷூவாக இல்லாத வரை.

கடையில் பார்க்க வேண்டியது:
• அடி தட்டையா, கெட்டியா இருக்கணும். கட்டைவிரலால் குதிகால் பக்கம் அமுக்கினா பொசுக்குன்னு உள்ளே போகக் கூடாது.
• முன்பக்கம் அகலம். விரல் விரியணும், நீண்ட விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கணும்.
• கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், விளையாடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்க.
• கடையிலேயே பக்கவாட்டில் நாலு அடி வைங்க. பாதம் உள்ளே வழுக்கினா வேண்டாம்.
• ஈரப்புல்லில் வழுக்காத அளவு பிடி போதும். ஆணி மாதிரி பிடிக்கும் சோல் வேண்டாம். பாதம் பூமியில் பூட்டிக்கொண்டு உடம்பு மட்டும் சுழன்றால் அடி வாங்குவது முட்டி.

16/
வாரத்தில் பல கிலோமீட்டர் ஓடுகிறவரா? அப்போ ஓட்டத்துக்குத் தனி ஷூ வாங்குங்க, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ட்ரெட்மில்லில் பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்குபவருக்கு அது தேவையில்லை.

விலையையும் விளம்பரத்தையும் பார்த்துப் பயப்படாதீங்க. நம்ம செய்யாறு சிப்காட்டிலேயே உலகப் பிராண்ட் ஷூக்கள் தைக்கிறார்கள். பிராண்ட் எதுவா இருந்தாலும், உங்க கால் எந்தத் திசையில் வேலை செய்யுதோ அந்தத் திசைக்குச் செய்த ஷூவா என்பதை மட்டும் பாருங்க.

ஷூ வாங்கப் போகிற நண்பருக்கு இந்த த்ரெட்டை அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள்.