இரட்டை அம்பு: ஒரு ரயில் சின்னத்தின் கதை

வில், புலி, கயல் என மூவேந்தரும் பொறித்த சின்னங்கள் ஒன்றைத்தான் அறிவித்தன: இம்மண் யாருடையது என்பதை. ஆட்சி மாறினால் பொறியும் மாறும். நவீன நிறுவனங்களின் இலச்சினைகளும் பெரும்பாலும் இந்த விதிக்கு உட்பட்டவையே. நிறுவனத்தோடு பிறந்து, அதனோடு மறைகின்றன. இதற்கு விலக்காக நிற்பது பிரிட்டனின் ரயில் சின்னமான இரட்டை அம்பு. அதைத் தன் அடையாளமாகக் கொண்ட அரசு நிறுவனம் 1990களில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. சின்னமோ இன்றும் அந்நாட்டின் நிலைய வாசல்தோறும் நிற்கிறது. ஓர் இலச்சினை தன் உடைமையாளரை விஞ்சி வாழ்ந்தது எப்படி என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

1948 சனவரி 1 அன்று பிரிட்டனின் ரயில்வேக்கள் நாட்டுடைமையாயின. அதற்கு முன் நான்கு பெரும் தனியார் நிறுவனங்கள், தத்தம் நிறங்களோடும் தற்பெருமைகளோடும், நாட்டைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. புதிய அரசு அமைப்புக்குக் கிடைத்த முதற்சின்னம், ஒரு சக்கரத்தின் மேல் கால் பரப்பி நிற்கும் சிங்கம். மக்கள் அதைச் 'சைக்கிள் ஓட்டும் சிங்கம்' என்று கேலி செய்தனர். 1956இல் வந்த அடுத்த சின்னத்தில், மகுடத்திலிருந்து எழும் சிங்கம் தன் முன்னங்கால்களில் ரயில் சக்கரம் ஒன்றை ஏந்தியிருந்தது. மகுடத்தில் இங்கிலாந்தின் ரோஜாவும் ஸ்காட்லாந்தின் முட்செடியும் வேல்சின் லீக் பூண்டும் இடம் பெற்றன. அரச இலச்சினை மரபுக்கு உரிய மன்றத்தின் முறையான அங்கீகாரமும் கிடைத்தது.

அந்த அங்கீகாரமே பின்னர் தொல்லையாயிற்று. எஞ்சினின் இரு பக்கங்களிலும் சிங்கம் முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்று கருதிய ரயில்வேயினர், ஒரு பக்கத்தில் அதைத் திருப்பி வரைந்தனர். மரபின்படி அனுமதிக்கப்பட்ட சிங்கம் இடப்புறம் மட்டுமே நோக்கலாம். திருப்பிய சிங்கம் விதிமீறல் எனச் சுட்டிக்காட்டப்பட, பிற்பாடு அவை மாற்றப்பட்டன. வண்டி எத்திசையில் ஓடினாலும் சிங்கம் பார்க்க வேண்டிய திசையை வேறொருவர் முடிவு செய்தார். ஓடும் பொருளுக்கு அரச முத்திரை எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1960களின் தொடக்கத்தில் ரயில்வே கடும் நட்டத்தில் இருந்தது. 1963 மார்ச்சில் வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை வெளியாயிற்று. 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் நீளப் பயணிகள் பாதைகளையும் மூடுமாறு அது பரிந்துரைத்தது. கிளைப் பாதைகளை நம்பியிருந்த சிற்றூர்களின் எதிர்ப்பு இன்றளவும் அந்நாட்டின் நினைவில் ஆறாத வடுவாக இருக்கிறது. இதே ஆண்டுகளில்தான் புதிய அடையாளத்துக்கான பணியும் நடந்தது. ஒரு கை தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, மறு கை புது முகத்தை வரைந்துகொண்டிருந்தது. இரட்டை அம்பின் அழகைப் பேசும் பலர் இந்த உடனிகழ்வை எளிதாகக் கடந்துவிடுகின்றனர். நாம் அப்படிக் கடந்துவிட இயலாது.

பணி, 'டிசைன் ரிசர்ச் யூனிட்' என்னும் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1943இல் மில்னர் கிரே, மிஷா பிளாக் ஆகியோரின் முன்முயற்சியில் உருவான நிறுவனம் அது. கவிஞரும் கலை விமர்சகருமாக நம் சிற்றிதழ் வாசகர்கள் சிலர் அறிந்திருக்கக்கூடிய ஹெர்பர்ட் ரீட் அதன் தொடக்க காலத்தில் பொறுப்பு வகித்தவர். தொழிற்சாலைப் பொருளுக்கும் கலையின் ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணம் அந்நிறுவனத்தின் அடித்தளம்.

அங்கு பணியாற்றிய ஜெரால்டு பார்னி என்ற இளம் வடிவமைப்பாளரின் வரைவே தேர்வாயிற்று. சுரங்க ரயிலில் வேலைக்குச் செல்லும் வழியில் ஓர் அஞ்சலுறையின் பின்புறம் அதைக் கிறுக்கியதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டு கிடைக்கோடுகள் இரு தண்டவாளப் பாதைகள். அவற்றில் எதிரெதிர்த் திசை நோக்கும் இரு அம்புகள். மேலம்பு வலப்புறமும் கீழம்பு இடப்புறமும் செல்கின்றன. இதை மேலிருந்து பார்க்கும் இருப்புப்பாதையாகக் கற்பனை செய்தால், ஒவ்வொரு வண்டியும் தனக்கு இடப்புறமான பாதையில் செல்வது தெரியும். பிரிட்டனில் ரயில்கள் இடப்புறமே ஓடுகின்றன. கூர்ந்து நோக்கின் இது முத்திரையன்று. ரயில் ஓட்டத்தின் வரைபடம். போவதும் வருவதும் என்ற இரண்டே வினைகளால் ஆனது.

1965 சனவரியில் லண்டன் டிசைன் சென்டரில் நடந்த கண்காட்சியில் புதிய தோற்றம் மக்கள் முன் வைக்கப்பட்டது. 'பிரிட்டிஷ் ரயில்வேஸ்' என்ற பெயர் 'பிரிட்டிஷ் ரயில்' எனச் சுருங்கியது. பெட்டிகள் நீலமும் சாம்பலும் பூண்டன. அறிவிப்புப் பலகைகளுக்கு ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் புதிய எழுத்துரு ஒன்றை ஆக்கினர். நாட்டின் சாலைப் பலகைகளுக்கு எழுத்து வடித்தவர்களும் இவ்விருவரே. 'ரயில் ஆல்ஃபபெட்' எனப் பெயர் பெற்ற இந்த எழுத்துரு பின்னர் பிரிட்டனின் மருத்துவமனைகளுக்கும் விமான நிலையங்களுக்கும் டென்மார்க் ரயில்வேக்கும் பரவியது. சீருடை, சாப்பாட்டுத் தட்டு, கப்பல் எனப் பயணியின் கண்ணில் படும் அனைத்தையும் ஒரே ஒழுங்கில் கொணரும் விதிமுறைக் கையேடு நான்கு தொகுதிகளாக வெளிவந்தது.

வரவேற்பு ஒருமுகமாக இல்லை. 'முடிவெடுக்க முடியாத அம்பு' என்றும் 'முட்கம்பி' என்றும் பரிகாசங்கள் எழுந்தன. பிராந்தியத்துக்கு ஒரு நிறம் என்றிருந்த பழைய பலகைகளின் மறைவை எண்ணி வருந்தியவர்கள் பலர். அவ்வருத்தம் பொருளற்றதன்று. தென் பகுதிக்குப் பச்சை, மேற்குப் பகுதிக்குப் பழுப்பு என்றிருந்தபோது, பலகையின் நிறமே பயணிக்கு ஊர்ப்பக்கத்தைச் சொன்னது. ஒருமைப்பாடு எப்போதும் எதையேனும் விலையாகக் கேட்கிறது.

கையேட்டின் கறாரான விதிகளுக்கும் விலக்குகள் நேர்ந்தன. பிரிட்டிஷ் ரயிலின் முதன்மைத் தடங்களில் நீராவி வண்டிகள் 1968 ஆகஸ்டில் விடைபெற்றன. ஆயினும் வேல்சின் ரைடால் பள்ளத்தாக்கில் ஓடிய குறுகிய பாதை மட்டும் நீராவியைத் தொடர்ந்தது. அந்தப் பழைய எஞ்சின்களும் நீலம் பூசி, இரட்டை அம்பை அணிந்து, புகை கக்கிக்கொண்டு ஓடின. ரயில்வேயின் கப்பல்களிலோ சிங்கத்தின் கதை மீண்டும் நிகழ்ந்தது. மேலம்பு கப்பலின் முன்புறத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காக, புகைபோக்கியின் இடப்பக்கத்தில் சின்னத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி வரைந்தனர். இம்முறை எந்த மன்றமும் கோபிக்கவில்லை.

1993ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் ரயிலைக் கலைத்தது. தண்டவாளம் ஒருவருக்கு, பெட்டிகள் வேறு சிலருக்கு, பயணிகள் சேவை 25 ஒப்பந்தங்களாகப் பலருக்கு எனச் சொத்து பிரிந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென நிறமும் சின்னமும் தீட்டிக்கொண்டது. பாகப்பிரிவினையில் பங்கிட முடியாத பொருளாக எஞ்சியது இரட்டை அம்பு. அதன் உரிமை அரசின் போக்குவரத்து அமைச்சரிடம் தங்கிற்று. இங்கே ரயில் நிலையம் இருக்கிறது என்பதைச் சொல்ல எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஓர் அடையாளம் தேவைப்பட்டது. சாலைக் குறியீடுகளிலும் அதுவே நிலையத்தைக் குறித்தது. ஒரு நிறுவனத்தின் பெயராகத் தொடங்கியது, இவ்வாறு 'ரயில்' என்ற பொதுச்சொல்லாக மாறிவிட்டது.

சிங்கச் சின்னத்துக்கு இந்த வாழ்வு வாய்த்திருக்குமா? வாய்த்திராது என்பதே நம் எண்ணம். சிங்கமும் மகுடமும் உடைமையைச் சொல்பவை. உடைமை கைமாறியதும் அவற்றுக்குச் சொல்ல ஏதுமிருக்காது. இரட்டை அம்போ செயலைச் சொல்கிறது. வண்டி யாருடையதாயினும், போக்கும் வரவும் மாறுவதில்லை.

ஆனால் இந்தப் பெருமையை மிகைப்படுத்தவும் கூடாது. ரயில்வே ஒன்றே என்று அச்சின்னம் வாசலில் சொல்லிக்கொண்டிருந்த காலமெல்லாம், உள்ளே ரயில்வே பலவாகவே இருந்தது. சின்னத்தால் பிரிவைத் தடுக்க இயலவில்லை. பீச்சிங் காலத்தில் மூடப்பட்ட பாதைகளையும் அது காக்கவில்லை. முன்பு இருந்த ஒரு பொதுமையின் நினைவை மக்கள் கண்முன் விடாது வைத்திருந்தது என்பதே அதன் பணி. அந்நினைவுக்கு இப்போது பயன் வந்திருக்கிறது. 2021இல் அரசு அறிவித்த 'கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ்' என்ற புதிய பொது அமைப்புக்கும் இரட்டை அம்பே சின்னம் என முடிவாயிற்று. 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பயணிகள் சேவைகள் ஒப்பந்தக் காலம் முடிய முடிய அரசிடம் திரும்பத் தொடங்கின. 2025 மே 25 அன்று சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அவ்வகையில் முதலாவதாகத் திரும்பியது.

புதிய அமைப்பு கிளைப் பாதைகளையும் சிற்றூர்களையும் எவ்வாறு நடத்தும் என்பதைப் பொறுத்தே, அந்தப் பழைய சின்னத்தை அது உரிமையோடு அணிகிறதா, அலங்காரமாக அணிகிறதா என்று பயணிகள் தீர்ப்புச் சொல்வார்கள்.