ஒருமுறை கேட்டு ஓயாமல் தோண்டுவது: சேதுசமுத்திரத் திட்டமும் பாக்கு விரிகுடாக் கரையோர மக்களின் கருத்தும்

சேதுசமுத்திரக் கப்பல் கால்வாய் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இரண்டு கேள்விகளைச் சுற்றியே வருகிறது. ஆதாம் பாலம் என்றும் இராமர் பாலம் என்றும் சொல்லப்படும் மணல்திட்டு வரிசையை வெட்டலாமா என்பது ஒன்று. கால்வாய் தமிழ்நாட்டுக்கு வளம் தருமா என்பது மற்றது. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் இராமேசுவரம், பாம்பன், தொண்டி, கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம், கோடியக்கரை ஆகிய ஊர்களின் மீனவர்கள் எழுப்பிய கேள்விகள் வேறு. தோண்டிய சேறு எங்கே போகும்? கப்பல் தடத்தை வலையோடு எப்படிக் கடப்பது? தண்ணீர் எத்தனை நாள் கலங்கிக் கிடக்கும்? இவற்றுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, ஒப்புதலும் தரவில்லை. விடையே அளிக்கப்படவில்லை என்பதுதான் உண்மை. மீனவர்கள் பேசாமல் இருந்ததோ அரசு கேட்க மறுத்ததோ இதற்குக் காரணமல்ல. கருத்துக் கேட்பு என்ற சட்டநடைமுறை, கடலடி அகழ்வு என்ற வேலையின் இயல்புக்குப் பொருந்தாத வடிவில் இருப்பதே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கரையோரம் முழுவதும் இத்திட்டத்தை எதிர்த்தது என்று எழுதுவது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. இந்தியக் கடற்படையைச் சேர்ந்த ஏ. டி. டெய்லர் 1860இல் இதை முன்மொழிந்த காலம்தொட்டே தென்கோடிக் கரையில் கால்வாய்க்கு ஆதரவு உண்டு. தூத்துக்குடி வணிகர்களுக்கு அது ஒரு நெடுங்கனவு. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய ஊர் அது; கடல்வழி வணிகத்தை அரசியலாகவே பார்த்துப் பழகியது. அண்ணா முதலமைச்சரான 1967இல் சேலம் உருக்காலையையும் சேது திட்டத்தையும் கோரி எழுச்சி நாள் நடத்தப்பட்டது. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்ற மனக்குறையின் கடல்வடிவம் இந்தக் கால்வாய். அந்த உணர்வு மீனவர் குடும்பங்களிலும் இருந்தது. துறைமுக வேலை, புதிய மீன்பிடித் துறைமுகங்கள், மகனுக்கு ஒரு நிரந்தரச் சம்பளம் என்ற எதிர்பார்ப்புகளோடு அது கலந்திருந்தது. ஆதரவை அறியாமை என்று ஒதுக்கும் சூழலியல் எழுத்து, தான் யாருக்காகப் பேசுகிறதோ அவர்களையே பாதியாக வெட்டிவிடுகிறது.

எதிர்ப்பும் ஒரே குரல் அல்ல. பாக்கு விரிகுடாவில் விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் நீண்டகாலமாக மோதிவந்தவர்கள். 1970களின் கலவரங்களுக்குப் பின் இராமநாதபுரம் கரையில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளும் நான்கு நாள் நாட்டுப்படகுகளும் கடலுக்குப் போகின்றன. கடலை இடத்தால் பிரிப்பது முடியாமல் போனபோது காலத்தால் பிரித்துக்கொண்ட அரிய ஒப்பந்தம் இது. மாநில அரசின் 1983ஆம் ஆண்டுக் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுகளைக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பால் போகச் சொல்கிறது. ஆக, ஒருபுறம் இந்த 3 மைல் கோடு, மறுபுறம் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய-இலங்கை எல்லைக்கோடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நீரில்தான் அத்தனை விசைப்படகுகளும் பிழைக்கின்றன. கால்வாயின் தடமோ எல்லைக்கோட்டை ஒட்டி, இந்தியப் பக்கமாக வரையப்பட்டது. 300 மீட்டர் அகலம் என்பது வரைபடத்தில் மெல்லிய கோடு. கப்பல் போகும் தடத்தில் வலை விரிக்க முடியாது, இழுக்கவும் முடியாது. பாதுகாப்புக்காக இருபுறமும் விலக்கப்படும் நீரையும் சேர்த்தால் இழப்பு அந்தக் கோட்டின் பல மடங்கு. விசைப்படகுகள் அங்கிருந்து ஒதுங்கினால் வேறெங்கே போகும்? கரைப்பக்கம்தான். அப்போது நாட்டுப்படகுக்காரரின் நண்டு வலைகள் அறுபடும். மூன்று நாள், நான்கு நாள் ஏற்பாடும் குலையும். விசைப்படகுச் சங்கம் தடத்தைக் கண்டு அஞ்சியது. நாட்டுப்படகுக்காரர் அஞ்சியது தடத்தால் விரட்டப்படும் விசைப்படகைக் கண்டு. இரண்டையும் மீனவர் எதிர்ப்பு என்ற ஒரே தலைப்பில் பதிவுசெய்தால் உள்ளே இருக்கும் செய்தி தொலைந்துபோகிறது.

தெளிந்த நீரை நம்பிப் பிழைப்பவர்கள் மூன்றாவது வகையினர். சங்கு குளிப்பவருக்குத் தண்ணீர் கலங்கினால் அன்றைக்குத் தொழில் இல்லை. சின்னப்பாலம், ஏர்வாடி போன்ற ஊர்களில் தீவோரப் பாறைகளில் பாசி எடுக்கும் பெண்களின் நிலையும் அதுதான். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு இந்தப் பெண்கள் தீவுப்பக்கம் போவதற்கே வனத்துறைக் கெடுபிடியைச் சந்தித்துவருகிறார்கள். பவளப்பாறையைக் காக்க ஒரு கூடைப் பாசி எடுப்பவரைத் தடுக்கும் அரசு, அதே வளைகுடாவின் தலைமாட்டில் கோடிக்கணக்கான கன மீட்டர் மண்ணைக் கிளற அனுமதிக்கிறது என்பது அவர்களின் குறை. இதைவிடக் கூர்மையான சூழலியல் விமர்சனத்தை நான் ஆய்விதழ்களில் படித்ததில்லை.

இனி, இந்தக் கருத்துகள் கேட்கப்பட்ட முறைக்கு வருவோம். 1994ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 1997இல் செய்யப்பட்ட திருத்தம் பொதுமக்கள் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்கியது. நாளிதழ்களில் அறிவிப்பு, 30 நாள் அவகாசம், ஆய்வறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில், ஆட்சியர் உள்ளிட்ட ஒரு குழு. காகிதத்தில் குறைசொல்ல அதிகமில்லை. சேது திட்டத்துக்கான தாக்க மதிப்பீட்டை நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) தயாரித்தது. மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் ஆகிய ஆறு மாவட்டங்களில் கூட்டங்கள் நடத்தியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேரைக் கொண்டுபோனது. மூன்றே மாதங்களில், 2005 மார்ச் 31 அன்று, சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு பிரதமர் அலுவலகமே ஆழிப்பேரலை, வண்டல், புயல் பற்றித் தூத்துக்குடித் துறைமுகப் பொறுப்புக் கழகத்திடம் விளக்கம் கேட்டிருந்தது. ஜூலை 2 அன்று மதுரையில் தொடக்கவிழா. இந்த வேகத்தைப் பலர் குறைகூறியிருக்கிறார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறொன்று.

மாவட்டம் என்பது நிலத்தின் அலகு. நீரோட்டத்துக்கு ஆட்சியர் எல்லை கிடையாது. வாடைக்காற்றுக் காலத்தில் கோடியக்கரைப் பக்கத்திலிருந்து வண்டல் தெற்கே விரிகுடாவுக்குள் வருகிறது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் போக்கு மாறுகிறது. கோடியக்கரைக்குக் கிழக்கே தோண்டினால் கலங்குவது யாருடைய தண்ணீர் என்பதைக் கோட்டைப்பட்டினத்துக்காரர் சொல்லவேண்டும். ஆனால் அவர் பேச அழைக்கப்பட்ட மண்டபத்தில் அவருடைய மாவட்டத்தின் விவகாரமே பேசுபொருள். ஆறு கூட்டங்களின் பதிவுகளையும் அடுக்கி வைத்து, ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றொருவர் தந்த தகவல் விடையாகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அந்த நடைமுறையில் எவருக்கும் இல்லை. ஆதரித்தார், எதிர்த்தார், இழப்பீடு கேட்டார் என்று குறிப்பது எளிது. நீவாடு (நீரோட்டம்) இன்ன மாதத்தில் இன்ன பக்கம் இழுக்கும், ஆகவே அங்கே கொட்டாதே என்று ஒருவர் சொன்னால் அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

அக்கரையோ முற்றிலுமாக விடுபட்டது. மன்னார், யாழ்ப்பாணக் கரைகளின் தமிழ் மீனவர்கள் அதே விரிகுடாவை நம்பியிருப்பவர்கள். அப்போது போரின் நடுவே, கடல்தடைகளுக்குள் இருந்தவர்கள். அவர்களுக்கு எந்த மண்டபத்திலும் நாற்காலி இல்லை. கொழும்பு அரசு தன் துறைமுக வருவாயையும் சூழலையும் பற்றிக் கவலை தெரிவித்தது. அது அரசுகளுக்கிடையிலான பேச்சாகவே நின்றது. ஜொகூர் நீரிணையில் சிங்கப்பூர் கடலைத் தூர்த்து நிலமாக்கியதை எதிர்த்து மலேசியா வழக்குத் தொடுத்தபோது, பன்னாட்டுக் கடல்சட்டத் தீர்ப்பாயம் 2003 அக்டோபரில் இரு நாடுகளும் சேர்ந்து சுதந்திரமான வல்லுநர் குழு அமைத்து விளைவுகளை ஆராயப் பணித்தது. சேது திட்டத்துக்கு அனுமதி தரப்படும் முன்பே இருந்த முன்னுதாரணம் அது. எடுத்துப் பார்த்திருக்கலாம்.

நடைமுறை எங்கே பொருந்தவில்லை என்பது வேலையின் கணக்கைப் பார்த்தால் புரியும். மொத்தத் தடம் 167 கி.மீ.; அதில் பாதிக்குச் சற்று மேல் தோண்டப்படவேண்டியது. ஆழம் 12 மீட்டர். எடுக்கவேண்டிய மண் சுமார் 8.25 கோடி கன மீட்டர். மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். இந்த எண்கள் எல்லாம் முதல் அகழ்வுக்கு உரியவை. பாக்கு விரிகுடா வண்டல் வந்து தங்கும் இடம்; கடலியலாளர்கள் அதை நிரந்தர வண்டல் தேக்கங்களுள் ஒன்றாகவே வகைப்படுத்துகிறார்கள். இரண்டு புறமும் திறந்த, ஆழமற்ற, புயல் அடிக்கும் கடலில் வெட்டிய பள்ளத்தை நீரோட்டம் நிரப்பிக்கொண்டே இருக்கும். 1955இல் அமைக்கப்பட்ட இராமசாமி முதலியார் குழு ஆதாம் பாலத்தை வெட்டும் யோசனையைக் கைவிட்டு நிலத்தின் ஊடாகக் கால்வாய் வெட்டப் பரிந்துரைத்ததற்கு அங்கே மணல் நகர்ந்துகொண்டே இருப்பது ஒரு காரணம். அக்குழுவுக்கு மதநம்பிக்கையோ சூழலியலோ அளவுகோலாக இல்லை. ஆக, கால்வாய் இருக்கும்வரை தூர்வாரல் இருக்கும். கலங்கலும், சேறு கொட்டும் படகுகளும், கொட்டும் இடம் பற்றிய சண்டையும் இருக்கும். கரையோர மக்கள் ஏற்கவேண்டியிருந்தது முடிவில்லாத ஒரு வேலையை. அவர்களிடம் ஒப்புதல் கேட்கப்பட்டதோ ஒரே ஒரு நாள், ஒரு மண்டபத்தில்.

வேறு வழி உண்டா? மெல்போர்ன் நகரின் போர்ட் பிலிப் விரிகுடாவைப் பாருங்கள். அங்கே கப்பல் தடத்தை ஆழப்படுத்தும் திட்டத்தின் முதல் மதிப்பீட்டைச் சுதந்திரமான விசாரணைக் குழு போதாது என்று திருப்பியது. 2005இல் சோதனை அகழ்வு நடத்தப்பட்டது. 2007இல் துணை மதிப்பீடு வந்தது. 2008இல்தான் பெரிய அகழ்வுக்கப்பல் வேலையைத் தொடங்கியது. கலங்கலின் அளவைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் ஒன்று வேலை நடந்த காலம் முழுதும் இயங்கியது. எதிர்த்தவர்கள் இதனால் திருப்தியடைந்துவிடவில்லை. நீதிமன்றம் வரை போனார்கள், திட்டமும் நிற்கவில்லை. பணக்கார நகரத்தில் பொழுதுபோக்காகப் படகில் உலாவுவோரையும் பாம்பன் வலைக்காரரையும் ஒப்பிடுவது பொருந்தாது என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் சிறிதளவு தோண்டிப்பார்த்து, அந்தக் கலங்கலை எல்லோரும் அளந்து, பிறகு பேசுவது என்ற வரிசை பணத்தைவிடப் பொறுமையைத்தான் கேட்கிறது.

2007 முதல் நடந்தது தெரிந்ததே. சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆதாம் பாலத்தைத் தொடக்கூடாது என்று ஆகஸ்ட் இறுதியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இராமர் இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்ற தொல்லியல் துறையின் மனுவைச் செப்டம்பரில் மத்திய அரசு தாக்கல் செய்து, கொந்தளிப்புக்கு அஞ்சித் திரும்பப் பெற்றது. நம்பிக்கையா முன்னேற்றமா என்று விவாதம் திரும்பியது. அந்த மேடையில் சேற்றுக்கு இடமில்லை. 2008இல் ஆர். கே. பச்சௌரி தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்த மாற்றுத் தடமும் மணல்திட்டைத் தவிர்க்கத் தேடப்பட்டதே ஒழிய, மீன்பிடி நீரைத் தவிர்க்க அல்ல. அந்தத் தடம் பொருளாதார நோக்கிலும் சூழல் நோக்கிலும் ஏற்றதல்ல என்ற முடிவு 2013இல் வெளியானது. அதற்குள், 2009 ஜூலையிலேயே, அகழ்வு நின்றுபோயிருந்தது; செலவு 766 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. இலங்கையைச் சுற்றாமல் போவதால் 424 கடல்மைல், 30 மணிநேரம் வரை மிச்சம் என்ற கணக்கு கரையோரக் கப்பல்களுக்குப் பொருந்தலாம். ஐரோப்பா, ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கப்பல்களுக்குப் பொருந்தாது என்று ஆய்வாளர் ஜேக்கப் ஜான் 2007இல் எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லியில் காட்டினார். 10 மீட்டர் மிதவை ஆழத்துக்குள் அடங்கும் கப்பல்களே கால்வாயைப் பயன்படுத்த முடியும் என்பதையும் சேர்த்தால், யாருடைய சேமிப்புக்காக யாருடைய நீர் கலங்குகிறது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மாநிலக் கட்சிகள் இவ்விவகாரத்தில் மீனவரைத் தேவைப்பட்டபோது அழைத்தன, தேவை தீர்ந்ததும் மறந்தன. ஒரு கட்சியை மட்டும் குறிப்பிட்டுச் சொல்ல இதில் காரணமில்லை.

விவாதம் பழையதாகிவிடவில்லை. 2023 ஜனவரி 12 அன்று திட்டத்தை மீண்டும் தொடங்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2022 செப்டம்பரில், அதே மாநில அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக்கு விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருந்தது. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் அந்த விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. கடற்புல் வளர வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இறங்கத் தெளிந்த நீர் வேண்டும். இரண்டு முடிவுகளையும் ஒரே மேசையில் வைத்து எவரும் பேசியதாகத் தெரியவில்லை.

திட்டம் மீண்டும் உயிர்பெற்றால் பழைய ஆய்வையும் கூட்டப் பதிவுகளையும் தூசிதட்டி எடுப்பது போதாது. மாவட்ட வாரியாக அல்லாமல் விரிகுடா முழுமைக்கும் ஒரே அவை தேவை. விசைப்படகு, நாட்டுப்படகு, சங்குகுளி, பாசி எடுக்கும் பெண்கள் ஆகியோருக்கு அதில் தனித்தனி இடம் வேண்டும். மன்னார், யாழ்ப்பாணக் கரைகளுக்கும் இடம் வேண்டும். எந்தக் காற்றுக் காலத்தில் தோண்டக்கூடாது, எங்கே கொட்டக்கூடாது என்பதை அந்த அவை முடிவுசெய்யவேண்டும். கலங்கல் அளவு மீறினால் வேலையை நிறுத்தும் உரிமையும், ஒவ்வொரு பராமரிப்புத் தூர்வாரலுக்கு முன்பும் கூடும் கடமையும் அதற்கு இருக்கவேண்டும். இத்தனை நிபந்தனைகளோடு கால்வாய் கட்டுப்படியாகாது என்று பொறியாளர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் அந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே வெளியிடட்டும். மூன்று நாள், நான்கு நாள் என்று தங்களுக்குள் கடலைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அதைப் படிக்கவும் தெரியும்.