திருடர் மொழி என்று பழிக்கப்பட்ட தொழிலாளர் பேச்சு



'இது நல்ல பேச்சு, இது கொச்சைப் பேச்சு' என்று பிரித்துச் சொல்வது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கந்தான். இலக்கண நூல் சொல்வது ஒன்று. அடுக்களையிலும் கடைத்தெருவிலும் வேலைக்காட்டிலும் மக்கள் பேசுவது வேறொன்று. ஆனால், மக்கள் அன்றாடம் பேசிய சொற்கள் பாட்டில்கூட ஒலிக்கக் கூடாது என்று வானொலியில் தடுத்து வைத்த காலமும் ஒரு நாட்டில் இருந்திருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள ஆர்ஜெண்டினா நாட்டில் நடந்தது அது. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

ஸ்பெயின் நாட்டில் பிறந்த ஸ்பானிய மொழி கடல் கடந்து சென்று, இன்று 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்குகிறது. எழுத்தில் அது பெரும்பாலும் ஒன்றுதான். பேச்சிலோ ஊருக்கு ஊர் மாறும். பேருந்தை மெக்சிக்கோவில் 'காமியோன்' என்பார்கள். கியூபாவில் 'குவாகுவா' என்பார்கள். ஆர்ஜெண்டினாவில் 'கொலெக்டிவோ' என்பார்கள். இப்படி வளர்ந்த வட்டாரப் பேச்சுகளுள் ஒன்று, ஆர்ஜெண்டினாவின் தலைநகரான புவெனஸ் அயர்ஸில் தோன்றிய 'லுன்ஃபார்தோ'.

1869ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நகரில் இருந்தவர்கள் இரண்டு இலட்சத்திற்கும் குறைவு. 1914ஆம் ஆண்டில் அத்தொகை 15 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியர்களே மிகுதி, அவர்களுக்கு அடுத்து ஸ்பெயின் நாட்டவர். ஊரில் நிலமில்லை, வேலையில்லை. கப்பலேறினால் பிழைக்கலாம் என்று வந்தவர்கள் அவர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள், இறைச்சி ஆலைகளில் உழைத்தார்கள், இருப்புப்பாதை போட்டார்கள், வீடு கட்டினார்கள்.

அவர்கள் குடியேறிய வீடுகளுக்குக் 'கொன்வெந்தீஜோ' என்று பெயர். 1871ஆம் ஆண்டு நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தெற்குப் பகுதியில் வாழ்ந்த செல்வர்கள் தங்கள் பெரிய வீடுகளை விட்டு வடக்கே போய்விட்டனர். அவ்வீடுகள் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறைக்கு ஒரு குடும்பம். நடுவே பொதுவான முற்றம். குழாயும் துணி துவைக்கும் தொட்டியும் கழிப்பறையும் எல்லாருக்கும் ஒன்றுதான். தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் அறையில் ஜெனோவாக்காரர், அடுத்த அறையில் நாப்பொலிக்காரர், எதிரே ஸ்பெயினின் கலீசியாக்காரர், மூலையறையில் போலந்திலிருந்து வந்த யூதர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. இத்தாலியர்களே தங்களுக்குள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுவேறு பேச்சு பேசியவர்கள். ஆயினும் குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அடுத்த வீட்டில் உப்புக் கேட்க வேண்டும். மேஸ்திரி சொல்லும் வேலையை விளங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே, கிடைத்த ஸ்பானியச் சொற்களோடு ஊர்ச் சொற்களையும் கலந்து பேசினார்கள். இத்தாலியர் பேசிய அந்தக் கலப்புப் பேச்சைச் சர்க்கஸ் நாடகக்காரர்கள் மேடையில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார்கள். அந்நாடகப் பாத்திரத்தின் பெயரே அப்பேச்சுக்கும் நிலைத்தது: 'கோக்கோலீச்சே'.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும், அந்த முற்றத்துப் பேச்சு வேறொரு காரியமும் செய்தது. 1907ஆம் ஆண்டு வாடகை உயர்த்தப்பட்டபோது, பல நாட்டிலிருந்து வந்த அந்தக் குடும்பங்கள் ஒன்றுகூடி வாடகை தர மறுத்தன. பெண்களும் பிள்ளைகளும் துடைப்பத்தைத் தோளில் ஏந்தித் தெருவில் ஊர்வலம் போனார்கள். ஒருவருக்கொருவர் பேசிப் புரிந்துகொள்ள ஒரு பொதுப் பேச்சு இல்லாமல் இத்தகைய ஒற்றுமை கைகூடியிராது.

பிள்ளைகள் தலையெடுத்தபோது கோக்கோலீச்சே மெல்ல மறைந்தது. அவர்கள் பள்ளியில் ஸ்பானியம் படித்தவர்கள். ஆனால், பெற்றோரிடம் கேட்ட சொற்கள் அவர்கள் நாவில் தங்கிவிட்டன. இத்தாலிய மொழியில் 'லவோரோ' என்றால் வேலை. அது புவெனஸ் அயர்ஸில் 'லபுரோ' ஆயிற்று. ஜெனோவாக்காரர் சொன்ன 'ஃபியாக்கா' சோம்பலைக் குறித்தது. தாத்தாவும் பாட்டியும் 'நோனோ', 'நோனா' ஆனார்கள். விடைபெறும்போது சொல்லும் 'சாவ்' என்பதும் இத்தாலி தந்ததே.

கப்பலில் வந்த சொற்கள் மட்டுமல்ல. அந்த மண்ணின் பழங்குடி மக்களுடைய கெச்சுவா மொழியிலிருந்து, எஞ்சியது என்னும் பொருளுடைய சொல் வந்து, 'புச்சோ' என்று சுருட்டுத் துண்டைக் குறித்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கிம்புந்து மொழியிலிருந்து வந்த 'கிலோம்போ' இன்று குழப்பத்தையும் கூச்சலையும் குறிக்கிறது. பிரேசில் நாட்டில் டிராம் வண்டிக்கு வழங்கிய பெயர் இங்கே 'போந்தி' ஆயிற்று. 1960களின் தொடக்கத்தில் டிராம் வண்டிகள் நின்றுபோயின. ஆனால் 'போந்தி' நிற்கவில்லை, பேருந்தின் மேல் ஏறிக்கொண்டது.

இளைஞர்கள் சொற்களைத் தலைகீழாக்கியும் விளையாடினார்கள். 'காஃபே' என்னும் காப்பி 'ஃபேக்கா' ஆயிற்று. 'தாங்கோ' என்னும் ஆடல்பாடல் 'கோத்தான்' ஆயிற்று.

இத்தகைய பேச்சுக்கு 'லுன்ஃபார்தோ' என்னும் பெயர் எப்படி வந்தது? அங்கேதான் ஒரு பெரிய அநீதி இருக்கிறது. அந்நாளைய பேச்சில் 'லுன்ஃபார்தோ' என்றால் திருடன். இத்தாலியின் லொம்பார்தி மாகாணத்தாரைக் குறித்த சொல்லிலிருந்து இது திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. இச்சொற்களை முதலில் ஏட்டில் எழுதியவர்கள் யார்? 1879இல் செய்தித்தாளில் இவற்றைப் பற்றி எழுதிய பெனிக்னோ லுகோனெஸ், காவல்துறையில் எழுத்தராக இருந்தவர். 1894இல் இதைப் பற்றி நூல் வெளியிட்ட அந்தோனியோ தெலெப்பியானே, குற்றவியல் அறிஞர். தம் நூலுக்கே 'குற்றத்தின் மொழி' என்று பெயரிட்டார். காவல் நிலையத்தில் நின்று கேட்டவர்களுக்கு அது திருடர் பேச்சாகத் தெரிந்தது. திருடர்களும் அதைப் பேசினார்கள் என்பது உண்மையே. ஆனால் அதே சொற்களில் பலவற்றை மூட்டை தூக்கியவரும், தையல் தைத்த தாயும், செய்தித்தாள் விற்ற சிறுவனும் பேசினார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு எழுத அன்று பெரும்பாலும் எவரும் போகவில்லை. எழுதியவர் வைத்த பெயரே நிலைத்தது.

பிறகு அந்தப் பேச்சைப் பாட்டு காப்பாற்றியது. 1917ஆம் ஆண்டு, பாஸ்குவால் கொந்தூர்சி எழுதிய 'என் சோக இரவு' என்ற தாங்கோ பாடலைக் கார்லோஸ் கார்டெல் பாடினார். லுன்ஃபார்தோ சொற்கள் விரவிய அப்பாடல் மக்களைக் கவர்ந்தது. கிராமபோன் தட்டும், பின்னர் வானொலியும் முற்றத்துச் சொற்களை நாடெங்கும் கொண்டு சென்றன.

ஆனால், மொழி கெடுகிறது என்று கவலைப்பட்டவர்கள் விடவில்லை. 1943ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வானொலியில் தூய ஸ்பானியமே ஒலிக்க வேண்டும் என்ற விதி கடுமையாக்கப்பட்டது. பாடல்களின் சொற்களை மாற்றினால்தான் ஒலிபரப்பலாம். தனியாள் தங்கும் சிற்றறைக்கு லுன்ஃபார்தோவில் 'புலீன்' என்று பெயர். 'அயாகுச்சோ தெருப் புலீன்' என்ற புகழ்பெற்ற பாடல், 'என் சிற்றறை' என்று பெயர் மாற்றப்பட்டு ஒலித்தது. 'நீ' என்பதற்கு அந்நாட்டு மக்கள் சொல்லும் 'வோஸ்' என்னும் சொல்லுக்கும் இடமில்லை. ஸ்பெயின் நாட்டார் சொல்லும் 'தூ' அங்கே வந்து அமர்ந்தது. தாய் தன் மகனை 'வோஸ்' என்றுதான் அழைப்பாள்; வானொலிப் பெட்டியோ அவனை 'தூ' என்று அழைத்தது.

அதனால் மக்கள் பேச்சு மாறியதா? மாறவில்லை. வானொலியில் அடங்கிய சொல் வாசலில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. 1949இல் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் சங்கமாகச் சென்று, குடியரசுத் தலைவர் பெரோனிடம் முறையிட்டார்கள். அதன்பின் தடை தளர்ந்தது.

1953இல் ஹோசே கொபேஜோ என்பவர் இச்சொற்களை ஆராய்ந்து 'லுன்ஃபார்தீயா' என்ற நூலை வெளியிட்டார். 1962 டிசம்பரில், அவரும் மற்ற அறிஞர்களும் சேர்ந்து லுன்ஃபார்தோவுக்கென ஒரு கழகமே நிறுவினார்கள். 1982இல் ஆர்ஜெண்டினாவின் இலக்கியக் கழகம் 'வோஸ்' முறையைப் படித்தவர் பேச்சுக்கும் உரியதென ஏற்றது. 2000ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 5ஆம் நாள் லுன்ஃபார்தோ நாளாகக் கொண்டாடப்படுகிறது. காவல் நிலையத்தில் தொடங்கிய கதை கழகத்தில் வந்து சேர்ந்தது.

நேயர்களே, லுன்ஃபார்தோ தனிமொழி அன்று. அதன் இலக்கணம் ஸ்பானிய இலக்கணமே; அது ஒரு சொற்கூட்டம். எந்த மொழியும் பிற மொழிச் சொல்லை ஏற்றதனால் மட்டும் அழிவதில்லை. ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்த்துக்கீசியத்திலிருந்து சாவி, சன்னல், மேசை ஆகிய சொற்களைத் தமிழும் பெற்றிருக்கிறது. அவற்றைச் சொல்லும்போது நாம் நாணுவதில்லை.

அந்நகரத்துப் பிள்ளைகள் பள்ளியில் செம்மையான ஸ்பானியம் கற்றார்கள். அது அவர்களுக்குப் படிப்பையும் பதவியையும் தந்தது. வீட்டில் தாயின் சொல்லையும் விடவில்லை. அது அவர்களை ஒருவரோடொருவர் பிணைத்தது. நம் பிள்ளைகளும் நல்ல தமிழை முயன்று கற்க வேண்டும். பாட்டியின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கவும் கூடாது. ஒரு சொல்லை இழிசொல் என்று எவரேனும் சொன்னால், அதைப் பேசியவர் யார், அதற்கு இழிபெயர் வைத்தவர் யார் என்று இரண்டையும் கேட்டுப் பார்ப்போம். புவெனஸ் அயர்ஸில் 'லபுரோ' என்று சொன்னவர்கள் உழைத்தவர்கள்; அச்சொல்லின் பொருளும் உழைப்புத்தான்.