பெ. தூரனின் உளவியல் தமிழும் கொங்கு நாட்டு உழவர் மனமும்

மனத்தைப் பற்றிய அறிவியலைத் தமிழில் எளிய உரைநடையில் தந்த முன்னோடிகளுள் கொங்கு நாட்டின் ம.ப. பெரியசாமித் தூரன் (1908–1987) குறிப்பிடத்தக்கவர். கலைக்களஞ்சியப் பதிப்பாசிரியராகவும் இசைப்பாடல் ஆசிரியராகவும் அவர் பேசப்பட்ட அளவுக்கு அவரது உளவியல் நூல்கள் பேசப்படவில்லை. அந்நூல்களின் நோக்கு எது, அதன் எல்லை எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் பிறந்த தூரன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றார். 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதை எதிர்த்து இறுதித் தேர்வைப் புறக்கணித்தார். பின்னர் கோபிசெட்டிபாளையத்திலும், தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் நிறுவிய இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் ஆசிரியராக இருந்தார். உளவியலின்பால் அவரை ஈர்த்தது இவ்வகுப்பறை வாழ்வே எனக் கருத இடமுண்டு. 'குழந்தை உள்ளம்', 'குமரப் பருவம்', 'தாழ்வு மனப்பான்மை' ஆகிய தலைப்புகள் ஆய்வுக்கூடத்தில் எழுந்த வினாக்கள் அல்ல. மாணவர் விடுதியிலும் பெற்றோர் சந்திப்பிலும் எழுபவை.

அக்காலத்தில் கற்றோரிடையே பரவியிருந்தது பிராய்டு, ஆட்லர் வழி வந்த உளவியல். தாழ்வு மனப்பான்மை ஆட்லரின் கருத்தாக்கம். 'அடிமனம்' என்ற நூல் தலைப்பு பிராய்டை நினைவூட்டுவது. நினைவு, கவனம், சிந்தனை ஆகியவற்றை அளந்து ஆயும் அறிதல்சார் உளவியல் 1950களில்தான் உருப்பெற்றது. 1967இல் உல்ரிக் நைசரின் நூலால் பெயரும் நிலைபெற்றது. ஆகவே தூரனிடம் அதைத் தேடுவது பொருந்தாது.

ஆயினும் அவர் தொகுத்த நாட்டுப்புறப் பாடல்கள் அவ்வுளவியலுக்கு நல்ல சான்றுகள். குறுகிய கால நினைவு ஏறத்தாழ ஏழு கூறுகளையே ஒருசேரத் தாங்கும் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நாற்று நடும் பெண் அடியை அப்படியே வைத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பாடுகையில் நினைவின் சுமை குறைகிறது; மிஞ்சிய கவனம் அந்த ஒரு சொல்லின் தேர்வுக்குக் கிடைக்கிறது. எழுத்தறியாதார் கவிதையில் திரும்பக் கூறல் குறையன்று. படைப்பு நிகழ்வதற்கான வழி அதுவே. நாட்டார் பாடலை 'எளிமை' என்ற ஒற்றைச் சொல்லால் பாராட்டிக் கடந்துவிடும் திறனாய்வு இதனைக் காணத் தவறுகிறது.

பொருளியல் முடிவுகளில்தான் தூரன் காலத்து உளவியலின் எல்லை தெளிவாகிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு உழவர்களை ஆய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே உழவரிடம் ஒரேவகைச் சோதனைகள் நடத்தப்பட்டன. அறுவடைக்கு முன் அடகு வைத்திருந்தோர் 78 விழுக்காட்டினர். பின்னர் 4 விழுக்காட்டினர். கையில் பணமில்லாத காலத்தில் அதே உழவரின் சிந்தனைத் திறன் சோதனையில் தாழ்ந்தது. ஆய்வின் புள்ளியியல் முறை குறித்து மறுப்புகளும் எழுந்தன. எனினும் அது எழுப்பிய வினா புறந்தள்ளத்தக்கதன்று.

வானம் பார்த்த கொங்கு மேட்டுநிலத்தில் மழைக்கும் விளைச்சலுக்கும் இடையே கடனில் காலந்தள்ளும் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் பின்தங்கினால், அதனைத் 'தாழ்வு மனப்பான்மை' என்று பெயரிட்டுவிடுவது இன்று எளிது. அச்சொல் காரணத்தைப் பிள்ளையின் உள்ளத்துக்குள் வைக்கிறது. 2013ஆம் ஆண்டு ஆய்வோ அதனை வீட்டின் அடகுச் சீட்டில் வைக்கிறது. முன்னதைச் சொல்லத் தமிழில் அனைவரும் அறிந்த தொடர் இருக்கிறது. பற்றாக்குறையால் சிந்தனைக்கு எஞ்சும் இடம் சுருங்குவதைக் குறிக்க அத்தகைய சொல் இன்னும் நிலைபெறவில்லை. அத்துறையின் பெயரே 'அறிதல்சார்', 'அறிவாற்றல்' என நூலுக்கு நூல் வேறுபடுகிறது.